அல்மோரா முதல் ஜெமினி வரை: உதய் சங்கர் – அமலா தம்பதி

கலைத் தம்பதி என்று பேச்சு வந்தால் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது எம்.எஸ். அம்மாவும் சதாசிவமும். அதற்கு அடுத்தபடியாக அடையாறு ருக்மிணி தேவியும் அருண்டேலும். இவர்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. நான் இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வங்காளத் தம்பதியை. நாட்டியக் கலைஞர் உதய் சங்கரும் அவருடைய பத்தினி அமலாவும். இவர்கள் வாழ்க்கையின் முக்கியமான சில வருஷங்கள் சென்னையில், அதுவும் மவுண்ட் ரோடில், ஜெமினி ஸ்டூடியோவில் கழிந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கே வெகு நாள் தெரியாது.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். நாட்டியத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1973-ல் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்தபோது முதல் போஸ்டிங் கல்கத்தா. லேக் மார்க்கெட் பக்கத்தில் ஜாகை. தெருவில் இறங்கினால் தமிழ்ப் பேச்சு, காபிப் பொடி வாசனை, வெற்றிலை, வாழை இலை எல்லாம் கிடைக்கும் என்பதால் வங்காளத்தில் இருக்கிறோம் என்பதே பாதி நேரம் மறந்துபோகும். 1977 செப்டம்பர் 26-ஆம் தேதி உதய் சங்கர் காலமானார். மறுநாள் ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு வங்காளி சிநேகிதர். ஸிதார் வாசிக்கும் ரவி சங்கருக்கு இவர் அண்ணாவா என்று அவரிடம் அப்பாவியாகக் கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ரவி சங்கர்தான் உதய் சங்கருக்குத் தம்பி, அதைத் தலைகீழாகக் கேட்கக்கூடாது என்று திருத்தினார். அன்று சாயங்காலம் முழுவதும் எனக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். அதற்குப் பிறகு கிடைத்ததைப் படித்தும், கேட்டும், ஊர் ஊராக மாற்றலாகிப் போன இடங்களில் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

உதய் சங்கர் 1900 டிசம்பர் 8-ஆம் தேதி ராஜபுதனத்தில் உதய்ப்பூரில் பிறந்தார். ஊர்ப் பெயரே பிள்ளைக்கும் வைக்கப்பட்டது. தகப்பனார் சியாம் சங்கர் ஜெஸ்ஸோர் ஜில்லாவைச் சேர்ந்த வங்காளி பிராமணர். பாரிஸ்டர், ஸமஸ்கிருதத்தில் பாண்டித்தியம் உள்ளவர், ஜாலாவர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் ஹேமாங்கினி தேவி. பிள்ளைக்குச் சிறு வயதில் நாட்டம் சித்திரத்திலும் போட்டோவிலும் மாஜிக்கிலும்தான். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்துவிட்டு, 1920-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் சேர்ந்தார். அங்கே தலைவராக இருந்த வில்லியம் ரோதன்ஸ்டைன், ஐரோப்பியப் பாணியில் வரைந்துகொண்டிருந்த இந்தப் பையனைப் பார்த்து, உன் நாட்டுச் சிற்பங்களையும் ஓவியங்களையும் முதலில் பார் என்று பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு விரட்டினாராம். இந்தியாவை லண்டனில் கண்டுபிடித்தவர் என்று இவரைச் சொன்னால் தப்பில்லை.

ஓவியராகத்தான் திரும்பியிருப்பார். நடுவில் ருஷ்ய நாட்டிய மேதை அன்னா பாவ்லோவா வந்து சேர்ந்தார். இந்திய விஷயங்களை வைத்து ஏதாவது செய்யவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த அவருக்கு, உதய் சங்கர் இரண்டு நாட்டியங்களை அமைத்துக் கொடுத்தார். ஒன்று இந்துக் கல்யாணம், மற்றது ராதா கிருஷ்ணன். 1923-ல் லண்டன் கோவென்ட் கார்டன் மேடையில் பாவ்லோவா ராதையாக ஆட, எந்த குருவிடமும் ஒரு அடவு கூடக் கற்றிராத உதய் சங்கர் கிருஷ்ணனாக ஆடினார். அடுத்து அமெரிக்கா முழுவதும் சுற்றுப்பயணம். உன் சொந்த நாட்டுக் கலைக்குத் திரும்பிப் போ என்று கடைசியில் புத்தி சொன்னவரும் அதே பாவ்லோவாதான். இதில் நமக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. சில வருஷங்கள் கழித்து ருக்மிணி தேவிக்கும் இதே பாவ்லோவாதான் இதே யோசனையைச் சொன்னார். ஒரு ருஷ்யப் பெண்மணி இரண்டு இந்தியர்களைத் திருப்பி அனுப்பினார். ஒருவர் அடையாறில் பள்ளி தொடங்கினார், மற்றவர் இமயமலையில் தொடங்கினார். முன்னது நிலைத்தது. பின்னதன் கதிதான் இந்தக் கட்டுரை.

பாவ்லோவாவை விட்டுப் பிரிந்த பிறகு பாரிஸில் சில வருஷங்கள் கஷ்டகாலம். ஹோட்டல்களிலும் கேளிக்கை அரங்குகளிலும் ஆடிப் பிழைக்க வேண்டியிருந்தது. அங்கே சிம்கி என்ற பிரெஞ்சுப் பெண் பியானோ வாசிப்பை விட்டு இவருக்கு ஜோடியாக ஆட வந்தார். ஆலிஸ் போனர் என்ற ஸ்விஸ் சிற்பி பொருளுதவி செய்ய, 1930 வாக்கில் அவருடன் இந்தியா முழுவதும் சுற்றி, கோவில் சிற்பங்களையும் கதகளியையும் பார்த்து, வாத்தியங்களைச் சேகரித்து, தாயாரையும் தம்பிகளையும் அழைத்துக்கொண்டு பாரிஸுக்குத் திரும்பினார். பத்து வயது ரவியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 1931 மார்ச்சில் பாரிஸ் மேடையில் அந்தக் குழுவின் அரங்கேற்றம். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் கால் படாத பெரிய ஊர் இல்லை.

அதே 1931-ல் பாரிஸில் ஒரு பெரிய கண்காட்சி. கல்கத்தாவில் நகைத் தொழில் செய்துவந்த அக்ஷய் குமார் நந்தி என்பவர் அதில் கலந்துகொள்ளத் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்தான் அமலா. ஜெஸ்ஸோர் பக்கத்துக் கிராமத்தில் 1919 ஜூன் 27-ல் பிறந்தவர். அப்போது பன்னிரண்டு வயது. அயலூரில் வங்காளிக் குடும்பம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்து சங்கர் வீட்டுக்குப் போனார்கள். கவுன் போட்டுக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்த ஹேமாங்கினி தேவி உள்ளே போய் ஒரு புடவை எடுத்து வந்து கட்டிவிட்டாராம். விளையாட ரவி இருந்தான், சாப்பிட வங்காளச் சமையல் இருந்தது. கண்காட்சி முடிந்தும் அந்தப் பெண் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த வருஷ டிசம்பரில் பெல்ஜியத்தில் மேடை ஏறினார். வேஷம் ராதையோ பார்வதியோ அல்ல, காளிங்கன். கிருஷ்ணனாக வந்த உதய் சங்கரிடம் மிதிபடும் பாம்பு. பிறகு இந்தியா திரும்பிப் பள்ளிக்கூடம் போனார், தன் பிரயாணத்தைப் பற்றி வங்காளியில் ஒரு புஸ்தகமும் எழுதினார்.

இனி அல்மோரா. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதினால் மன்னிக்கவும்.

இங்கிலாந்தில் டார்டிங்டன் ஹால் என்ற இடத்தில் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதி ஒரு கல்வி நிலையம் நடத்திவந்தார்கள். தாகூரிடம் சாந்திநிகேதன் பக்கம் வேலை பார்த்தவர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட். இவர்களும் இவர்கள் குடும்பத்தாரும் கொடுத்த பணத்தில் உதய் சங்கர் 1938-ல் திட்டம் போட்டு, குமாவோன் மலையில் அல்மோராவில் ஒரு கலாசார மையத்தை ஆரம்பித்தார். 1940-ல் அது முழு வீச்சில் நடந்துகொண்டிருந்தது. யார் யார் ஆசிரியர்கள் என்று பாருங்கள். ஸங்கீதத்துக்கு மைஹார் அலாவுதீன் கான். கதகளிக்கு சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமோபி சிங். பரதநாட்டியத்துக்கு நம் கந்தப்பப் பிள்ளை. தஞ்சை நால்வர் வழி வந்தவர், பாலசரஸ்வதியின் குரு. இந்த நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் அதற்கு முன்னும் பின்னும் எங்கும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. கந்தப்பப் பிள்ளையை இமயமலை அழைத்துக்கொண்டது சென்னைக்கு நஷ்டம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர் 1941-ல் காலமாகிவிட்டார்.

மாணவர்கள் பட்டியலும் லேசானதல்ல. பின்னால் ஹிந்தி சினிமாவில் பெரும் புகழ் பெற்ற குரு தத் பதினேழு வயதுப் பையனாக இங்கே வந்தார். ஜோஹ்ரா முன்பே குழுவில் இருந்தவர், இங்கே ஆசிரியையாக இருந்தார். சாந்தி பர்தன், நரேந்திர சர்மா, சச்சின் சங்கர் எல்லோரும் இங்கே தயாரானவர்கள். நம் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவரும் இருந்தார். ஜாம்ஷெட்பூரில் பிறந்த லக்ஷ்மி சாஸ்திரி. 1939-ல் உதய் சங்கர் குழு சென்னைக்கு வந்தபோது அதில் சேர்ந்தவர். 1941-ல் உதய் சங்கரின் தம்பி ராஜேந்திராவை விவாகம் செய்துகொண்டு லக்ஷ்மி சங்கர் ஆனார். உடம்பு சுகமில்லாமல் போய் ஆட்டத்தை நிறுத்த வேண்டி வந்ததும் ஹிந்துஸ்தானி ஸங்கீதத்துக்கு மாறி, அதில் உலகப் புகழ் பெற்று, 2013 கடைசியில் அமெரிக்காவில் காலமானார். அவருடைய மகள் விஜிதான் வயலின் எல். சுப்பிரமணியத்தின் முதல் மனைவி.

அல்மோராவில் தினசரி வகுப்பு எப்படி என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடவு, முத்திரைக்கு முன்னால் நடக்கக் கற்றுக் கொடுத்தார்கள். வெறும் நடை. ஒரு பாரம் தூக்குபவன் எப்படி நடப்பான், குளிரில் நடப்பவன் எப்படி, பொய் சொல்லிவிட்டு வருபவன் எப்படி என்று மாணவர்கள் ஊர்க் கடைத்தெருவில் கவனித்து வந்து செய்து காட்ட வேண்டும். ஸயன்ஸ் லாபில் எங்களுக்கு முதல் வருஷம் சொன்னதும் இதையேதான். முதலில் பார், பிறகு எழுது.

அங்கே விவாகங்களுக்கும் குறைவில்லை. 1941-ல் ரவி சங்கருக்கும் அலாவுதீன் கானின் மகள் அன்னபூர்ணாவுக்கும் அல்மோராவில் கல்யாணம். 1942-ல் உதய் சங்கருக்கும் அமலாவுக்கும். அவருக்கு நாற்பத்தொன்று, அமலாவுக்கு இருபத்துமூன்று கூட நிரம்பவில்லை. காளிங்கனாக மிதிபட்ட குழந்தை மையத்தின் எஜமானி ஆனார். அதே வருஷம் ஆகஸ்டில் ஜோஹ்ராவுக்கும் காமேஷ்வர் சேகலுக்கும் கல்யாணம். ஜவாஹர்லால் நேரு வருவதாக இருந்தது. வெள்ளையனே வெளியேறு இயக்கம் வந்து அவரைக் கைது செய்துவிட்டார்கள். டிசம்பரில் உதய் சங்கர் தம்பதிக்கு மூத்த பிள்ளை ஆனந்த சங்கர் அல்மோராவிலேயே பிறந்தான்.

அல்மோராவில் எல்லோரும் பேசும் நிகழ்ச்சி நிழல் ராமலீலா. மலைச்சரிவில் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, பெரிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் நாட்டியக்காரர்கள் ஆடுவார்கள். பின்னால் விளக்கு. பார்ப்பவர்களுக்குத் தெரிவது நிழல் மட்டும். நம் தோல்பாவைக் கூத்தையும் ஜாவாவின் நிழற்கூத்தையும் அறிந்த உதய் சங்கர் பாவைக்குப் பதில் மனிதர்களையே நிறுத்தினார். பௌதிகம் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். விளக்கிலிருந்து திரை இருபது அடி என்று வைத்துக்கொள்வோம். திரையை ஒட்டி ஆடுபவரின் நிழல் ஆள் உயரம்தான். பாதி தூரத்தில், பத்தடியில் நின்றால் இரண்டு மடங்கு. விளக்குக்கு நாலடியில் வந்துவிட்டால் ஐந்து மடங்கு. ஆறடி மனிதர் முப்பதடி ஆகிவிடுவார். ராவணன் வளர்வதற்கும், அனுமார் சின்ன உருவம் எடுப்பதற்கும் இரண்டு எட்டு முன்பின்னாக வைத்தால் போதும். ஆனால் விளக்கின் ஒளி வரும் இடம் சின்னதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் மங்கி நிழல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் எங்கள் காலேஜ் பாடப் புஸ்தகத்தில் ஒரு பக்கம். அதை வைத்துக்கொண்டு ராமாயணம் காட்டலாம் என்று எங்கள் வாத்தியாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

1986-ல் ஆபீஸ் காரியமாக அல்மோரா போயிருந்தேன். கடைத்தெருவில் அந்த ஊர்ப் பால் மிட்டாய் வாங்கச் சொன்னார்கள். பெயரைக் கேட்டு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன், கரும்பழுப்பு நிறத்தில் மேலே வெள்ளைச் சர்க்கரை மணி ஒட்டிக் கொடுத்தார்கள். அந்த ஊர் பாஷையில் அந்த ‘பால்’ வேறு. கடைக்காரப் பெரியவரிடம் உதய் சங்கர் பற்றிக் கேட்டேன். சிறு பையனாகத் தகப்பனார் தோளில் உட்கார்ந்து அந்த நிழலைப் பார்த்ததாகச் சொன்னார். எது நினைவிருக்கிறது என்று கேட்டதற்கு, ராமர் பட்டாபிஷேகம் அல்ல, கங்கையில் படகு போனது என்றார். தண்ணீரும் இல்லை, படகும் இல்லை, ஆட்கள் உடம்பை அசைத்தே காட்டினார்கள் என்று கையை அலை மாதிரி ஆட்டிக் காட்டினார். மிட்டாய்க்குக் காசு வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார், நான் ஞாபகப்படுத்திக் கொடுத்தேன். பிறகு சிம்தோலா மேட்டுக்குப் போனேன். சர்க்கார் அங்கே மையத்துக்கென்று நிலம் ஒதுக்கியிருந்தது, ஆனால் கட்டிடம் எழும்பவே இல்லை. கடைசி வரை வாடகைக் கட்டிடங்களில்தான் எல்லாம் நடந்தது. நான் பார்த்தது பைன் மரங்களும் காற்றும், எதிரே பனிமலையும்.

யுத்தம் வந்ததால் வெளிநாட்டுப் பயணம் நின்றது, வருமானம் நின்றது. வெளியிலிருந்து வந்த உதவியும் வற்றியது. 1944-ல் மையம் மூடப்பட்டது. நாலு வருஷம் கூடச் சரியாக நடக்கவில்லை. அந்த நிலையில் உதய் சங்கர் என்ன செய்தார்? மிச்சமிருந்த பணத்தையும், திரட்ட முடிந்த கடனையும் போட்டு சினிமா எடுக்கப் புறப்பட்டார். முப்பத்தைந்து வருஷம் பைல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த யோசனை என் மேஜைக்கு வந்திருந்தால் சிபாரிசு செய்ய இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். பள்ளியை மீண்டும் திறக்க முயற்சி செய்யாமல், அனுபவமே இல்லாத தொழிலில் இறங்குவதா? வெகு காலம் இது அவர் செய்த பெரிய பிசகு என்றே நினைத்திருந்தேன்.

தம்பதி கைக்குழந்தையுடன் சென்னைக்குக் குடி வந்தார்கள். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை ஆரம்பமாயிற்று. இன்று மேம்பாலம் இருக்கும் இடத்துக்குப் பக்கம். ஒளிப்பதிவு கே. ராம்நாத். இசை விஷ்ணுதாஸ் ஷிராலி. பாட்டுகள் அல்மோராப் பக்கத்து ஹிந்திக் கவிஞர் சுமித்ரானந்தன் பந்த். படத்தின் பெயர் ‘கல்பனா’. உதயன் என்ற கலைஞனாக உதய் சங்கர், உமாவாக அமலா. திருவாங்கூரிலிருந்து வந்த லலிதா, பத்மினி என்ற சகோதரிகள் கூட்டத்தோடு ஆடினார்கள். பின்னால் நம் ஊரையே கட்டிப் போட்ட பத்மினி முதலில் காமிரா முன் வந்தது இந்தப் படத்தில்தான்.

கதை அவர்கள் கதையேதான். மலையில் ஒரு கலா கேந்திரம் கட்டக் கனவு காணும் ஒருவன் படும் பாடு. அதை அவன் ஒரு சினிமா முதலாளியிடம் சொல்கிறான். வசூல் ஆகாது என்று முதலாளி கதையை ஒதுக்கிவிடுகிறார். தன் படத்துக்கு என்ன நேரும் என்று தெரிந்தே அதைப் படத்துக்குள்ளேயே வைத்தார் போலும். நடுநடுவே எண்பதுக்கும் மேற்பட்ட நாட்டியங்கள், சின்னதும் பெரிதுமாக. அல்மோராவில் அமைத்த, தொழிலாளியும் யந்திரமும் பற்றிய நாட்டியமும் அதில் உண்டு. ராஜாக்களின் டம்பம், உருப்போடும் கல்வி, வெளிநாட்டு மோகம் எல்லாவற்றையும் கிண்டல் செய்தார். ஆரம்பத்திலேயே, வேகமாக ஓடும், கவனமாகப் பாருங்கள் என்று ரசிகர்களுக்கு எழுத்தில் வேண்டுகோள் வேறு.

1948-ல் படம் வெளிவந்தது. ஓடவில்லை. அதே வருஷம் அதே ஜெமினியிலிருந்து வந்த ‘சந்திரலேகா’ இந்தியா முழுவதும் ஓடு ஓடு என்று ஓடியது. அதன் முரசு நாட்டியத்தில் ‘கல்பனா’வின் சாயல் உண்டு என்று சினிமா சரித்திரம் எழுதுபவர்கள் சொல்கிறார்கள். எங்கள் அத்தை இரண்டையும் அந்தக் காலத்தில் பார்த்தவள். முன்னதில் கதை ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு பெண் ஆடியது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது என்பாள். அந்தப் பெண் அமலாவா, பத்மினியா, வேறு யாராவதா என்று கடைசி வரை அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அதற்குப் பிந்திய வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். 1955-ல் மகள் மமதா பிறந்தாள். புத்தர் வரலாறு நிழல் நாட்டியமாக வந்தது. அமலா நல்ல ஓவியரும் கூட, தூரிகை இல்லாமல் விரலாலும் நகத்தாலும் தீட்டுபவர். 1961 தாகூர் நூற்றாண்டுக்கு ‘ஸாமான்ய க்ஷதி’, தம்பி ரவி சங்கரின் இசையோடு. 1965-ல் கல்கத்தாவில் மறுபடி ஒரு பள்ளி, அமலாவின் பொறுப்பில். 1968-ல் கடைசி அமெரிக்கப் பயணத்தில் உதய் சங்கருக்கு உடல்நலம் கெட்டது. இருந்தும் அடங்கவில்லை. 1970 வாக்கில் ‘சங்கர்ஸ்கோப்’ என்று ஒன்று செய்தார். சினிமாத் திரையில் தெரியும் ஆள் மறுகணம் மேடையில் உயிரோடு நிற்பார், மேடையில் இருந்தவர் திரைக்குள் போய்விடுவார். மாஜிக் பிடித்த பையன் எழுபது வயதிலும் போகவில்லை. 1971-ல் பத்ம விபூஷண். 1975-ல் விசுவ பாரதியின் தேசிகோத்தமா.

மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி வருஷங்களில் தம்பதி சேர்ந்து வாழவில்லை. உதய் சங்கர் மனம் வேறு பக்கம் போயிற்று, தனியாகவே இருந்தார். பெரியவர்கள் வாழ்க்கையை எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடுவது நம் வழக்கம். ஆனால் இதை விட்டுவிட்டால் அமலா என்ன செய்தார் என்பதன் கனம் தெரியாது. அந்த வருஷங்களிலும் அதற்குப் பிறகும் உதய் சங்கரின் பெயரைத் தாங்கிய பள்ளியை நடத்தியவர் அவர்தான். கணவர் அமைத்த அசைவுகளை, அந்த நடைப் பயிற்சி உள்பட, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். உதய் சங்கர் தன் முறையை ஒரு சாஸ்திரமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத வித்தை, தெரிந்தவர்கள் இருக்கும் வரைதான் இருக்கும். எங்கள் ஆபீஸ் சிநேகிதர் ஒரு தடவை அந்தப் பள்ளியின் நிகழ்ச்சிக்கு என்னை அழைத்துப் போனார். அமலா மேடை ஏறவில்லை. பக்கத் திரை ஓரமாகப் பருத்திப் புடவையில் நின்றபடி, உள்ளே போகும் ஒவ்வொரு குழந்தையின் தோளையும் தொட்டுச் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓரத்து நாற்காலியில் இருந்ததால் அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கணவருக்குப் பிறகு நாற்பத்துமூன்று வருஷம் இருந்தார். மகன் ஆனந்த சங்கர், ஸிதாரையும் மேல்நாட்டு வாத்தியங்களையும் கலந்து பேர் வாங்கியவர், 1999-ல் தாயாருக்கு முன்பே போய்விட்டார். மகள் மமதா மிருணாள் சென், சத்யஜித் ராய் படங்களில் நடித்தவர், நாட்டியக் குழுவும் நடத்துகிறார்.

‘கல்பனா’வைப் பொறுத்தவரை பல வருஷம் பார்க்கக் கிடைக்காமலே இருந்தது. சினிமாச் சுருள் இரும்புப் பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம், அது உள்ளேயே ரசாயன மாற்றம் அடைந்து சுருங்கி, வினிகர் வாசனையோடு கெட்டுப் போகும். அந்தக் காலத்து நைட்ரேட் சுருளானால் தீப்பற்றவும் கூடும். நல்ல வேளையாக பூனா தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி இருந்தது. அமெரிக்க டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்சேஸியின் அமைப்பு அதை எடுத்து, இத்தாலியில் பொலோனா நகரத்து லாபில் ஒவ்வொரு படச் சட்டமாகச் சுத்தம் செய்து, 2012 மே மாதம் பிரான்ஸில் கான் திரைப்பட விழாவில் திரையிட்டது. படத்தில் இருபத்தைந்து வயது சொச்சத்தில் ஆடிய அமலா, தொண்ணூற்றிரண்டு வயதில் அங்கே போய்ச் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார். 1931-ல் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய அதே பிரான்ஸ். 2020 ஜூலை 24-ல் கல்கத்தாவில் காலமானார். வயது 101.

நான் ‘கல்பனா’வைக் கடைசியில் பார்த்தது என் பேரன் புண்ணியத்தில், அவனுடைய கம்ப்யூட்டரில், இரண்டு நாள் ராத்திரியாக. என் ஆத்துக்காரி பக்கத்தில் உட்கார்ந்து பத்மினியைத் தேடிக்கொண்டிருந்தாள், கண்டும் பிடித்துவிட்டாள். நான் பார்த்தது வேறு. அல்மோராவில் 1986-ல் பைன் மரத்தைத் தவிர ஒன்றும் இல்லாத மேட்டில் நின்றேனே, அங்கே நடந்த வகுப்பு, அந்தக் கூட்டம், அந்த நடை எல்லாம் இதில் ஓடிக்கொண்டிருந்தன. பள்ளியை மீண்டும் திறந்திருந்தால் இன்னும் ஐந்தாறு வருஷம் நடந்து மறுபடி மூடியிருப்பார்கள். பைலில் நான் எழுதியிருக்கக் கூடிய குறிப்பை மனசுக்குள் அடித்துவிட்டேன். இரண்டாம் நாள் படம் முடியப் பதினொன்றரை ஆகிவிட்டது. உதய் சங்கரும் அமலாவும் சேர்ந்து ஆடும் ஒரு கட்டத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள் ஆத்துக்காரி. பேரன் தூங்கிவிட்டிருந்தான், எங்கள் இருவருக்கும் அந்த யந்திரத்தைப் பின்னால் தள்ளத் தெரியவில்லை. மறுநாள் காலை காபிக்கு அப்புறம் பார்த்தோம்.